வழுக்காத பாறை

முதல் அடியிலேயே ஆய்வு மாணவி மரியபுஷ்பம் வழுக்கினாள். பொதிகை மலை ஓடை முழங்கால் வரை நனைத்துவிட்டது. வனத்துறை அனுமதி மாலை நான்கு மணி வரைதான். அதுவும் ஒரே ஒரு வகைச் செடியைப் பறிக்க. நாளை மழைக்காலத்துக்காகப் பாதையை மூடிவிடுவார்கள்.

பாக்டீரியாக்கள் தங்களுக்குள் ரசாயனத்தால் சேதி சொல்லிக்கொள்ளும். கூட்டம் சேர்ந்ததும் கொழகொழவென்று படலம் கட்டி உள்ளே பதுங்கிவிடும். அப்புறம் மருந்து எட்டாது. போன வருடம் இங்கே பறித்த பதினோரு செடிகளில் ஒன்றின் சாறு அந்தச் சேதியையே அறுத்தது. எந்தச் செடி? அங்கேதான் வினை. புட்டிகளில் மார்க்கரால் பெயர் எழுதிய மரியபுஷ்பம், சுத்தம் சுத்தம் என்று எல்லாவற்றையும் ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தாள். கிருமியோடு பெயர்களும் போயின. சாறும் தீர்ந்தது. மறுபடி செய்து காட்டாவிட்டால் மூன்று வருட உழைப்பு குப்பைக்குத்தான் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார்.

கூட வந்த ஆய்வக நண்பன் இசக்கியப்பன், சிவப்புத் தண்டுச் செடிதான் என்று காலையிலிருந்து அடம்பிடித்தான். பழங்குடி வழிகாட்டி அய்யப்பன் காணி வெறுங்காலோடு ஓடையைக் கடந்தார்.

மூன்றரை மணிக்கு, அருவி விளிம்பில், மரியபுஷ்பத்தின் கால் மறுபடி வழுக்கியது. தண்ணீர் அவளை இழுத்தது. இசக்கியப்பன் வீசிய கயிறு எட்டவில்லை. செத்தோம் என்றே நினைத்தாள். சட்டென்று குதிகால் ஒரு பாறையில் பதிந்து நின்றது!

அவள் குனிந்து தடவினாள். சுற்றிலும் கொழகொழப்பு. இந்தப் பாறை மட்டும் சொரசொரவென்று இருந்தது. அதன்மேல் சின்ன இலைக் கொடி ஒன்று படர்ந்திருந்தது. பதினொன்றில் அதுவும் ஒன்று.

"இங்க மட்டும் ஏன் வழுக்கல?" என்று மூச்சிரைக்கக் கேட்டாள்.

"அந்தக் கொடி கெடந்தா வழுக்கு ஏறாதுல்லா. அதப் பாத்துதான் நாங்க காலு வைப்போம்" என்றார் அய்யப்பன் காணி.

"மொதல்லயே சொல்லக்கூடாதா?"

"நீங்க இலையத்தான கேட்டீய. பாறையக் கேக்கலியே."

பாறை வழுக்குவதும் அதே பாக்டீரியாப் படலத்தால்தான். அவள் அந்தக் கொடியையே பறித்தாள்.

கூட்டம் சேர்ந்தால் ஊதா நிறம் காட்டும் பாக்டீரியாவை ஆய்வகத் தட்டில் வளர்த்து, நடுவில் கொடிச் சாற்றை வைத்தார்கள். இரண்டாம் நாள் காலை தட்டெங்கும் ஊதா. சாற்றைச் சுற்றி மட்டும் வெளிறிய வளையம். அங்கேயும் பாக்டீரியா உயிரோடுதான் இருந்தது. ஆனால் ஒன்றோடொன்று பேசவில்லை. மரியபுஷ்பம் வெட்கப்படாமல் அழுதாள்.

பிறகு கொடியின் பெயரைச் சீட்டில், ஸ்பிரிட்டுக்கு அழியாத பென்சிலால் எழுதிப் புட்டியில் ஒட்டினாள். பழக்க தோஷத்தில் இசக்கியப்பன் ஸ்பிரிட் பஞ்சை எடுத்தான்.

"கைய எடுல" என்றாள் அவள்.