உள்பக்கக் குமிழ்

குமிழில் பச்சைச் சாயம் தேய்ந்திருந்தது.

முதலில் பார்த்தபோது பத்ரிநாத்துக்கு அது பெரிதாகப் படவில்லை. உறைநிலை அறைக் கதவின் உள்பக்கம், இடுப்பு உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு குமிழ். உள்ளே யாராவது மாட்டிக்கொண்டால் அதைத் தள்ள வேண்டும், வெளியே தாழ்ப்பாள் விலகும், கதவு திறக்கும். பிம்ப்ரியில் இந்த அறையை மாட்டி முழுசாக இருபத்தைந்து நாள் ஆகவில்லை. அதற்குள் சாயம் போய், டவுன் பஸ் கம்பி மாதிரி பளபளவென்று உலோகம் தெரிந்தது. யாரோ அதைத் தள்ளித் தள்ளிப் பார்த்திருக்கிறார்கள். ஓரிரு தடவை தள்ளினால் சாயம் இப்படிப் போகாது.

வேடிக்கை என்னவென்றால், அது பொய்க் குமிழ். நாலு திருகாணி, அதற்குமேல் ஒன்றும் கிடையாது. கதவின் நாலங்குல நுரைக்குள் ஊடுருவித் தாழ்ப்பாளைத் தொட வேண்டிய கம்பியே அதில் இல்லை. அது உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். பத்ரிநாத்துக்கு, மாட்டியவனே அவன்தானே.

பத்ரிநாத் தொழிலில் கெட்டிக்காரன், அதைச் சொல்லத்தான் வேண்டும். புனேயில் பெரிய சமையற்கூடம் கட்டுகிற யாரும் குளிர் அறை என்றால் அவனைத்தான் கூப்பிடுவார்கள். தினம் எத்தனை பேருக்குச் சாப்பாடு, வேளைக்கு எத்தனை தடவை கதவு திறக்கும், லாரி எந்தப் பக்கம் நிற்கும் என்று குடைந்து குடைந்து கேட்டுவிட்டுத்தான் பேப்பரில் கோடு போடுவான். காய்கறி அறையை முன்னால் வைத்து, அதற்குள்ளிருந்து உறைநிலை அறைக்குக் கதவு வைப்பான். வெளிச்சூடு நேராக உள்ளே பாயாது, மோட்டாருக்கும் ஆயுசு கூடும். இத்தனை யோசிக்கிற மண்டை, மூன்று வருஷத்துக்கு முன் தளேகாவில் ஒரு கேன்டீனுக்கு, தீபாவளிக்குள் முடித்துத் தருகிறேன் என்று வாய்விட்டுவிட்டது. குமிழ் வைத்த கதவு வர இன்னும் மூன்று வாரம் ஆகும் என்றார்கள். குமிழ் இல்லாத கதவு கையில் இருந்தது. அதை மாட்டினான்.

இந்த வருஷம் பொங்கல் கழிந்து நாலாம் நாள், செல்வமேரி என்று ஒரு பாத்திரம் கழுவுகிற பெண் அதற்குள் கிடந்தாள். ராத்திரி முழுக்கக் கிடந்தாள். விடியற்காலையில் சேதி வந்ததும் முதலில் ஓடியவன் பத்ரிநாத்தான். போலீஸ் வர நாற்பது நிமிஷம் இருந்தது. அவளுக்குப் பக்கத்தில் மண்டி போட்டு, இந்தப் பொய்க் குமிழை நாலு திருகாணி போட்டு மாட்டினான். "உள்ளேயே குமிழ் இருக்கு சார், தள்ளினா திறந்துடும். பாவம், பயத்துல அந்தப் பொண்ணுக்குத் தோணல" என்று வந்த போலீஸிடம் சொன்னான். பிணத்தைத் தாண்டிப் போய்த் தள்ளிப் பார்க்க யாருக்கும் மனசு வரவில்லை. எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். பாவி!

குளிர் அறை என்பது கொக்கி போட்டுக் கோத்த பலகைகள்தான். சாவி போட்டுக் கொக்கியைத் திருப்பினால் தனித்தனியாகக் கழன்றுவிடும், வேறு ஊரில் திரும்பக் கோத்துவிடலாம். தளேகாவ்க்காரர்களுக்கு அந்த அறை கண்ணில் படாமல் போனால் போதும் என்றிருந்தது. பிம்ப்ரியில் தொழிற்சாலைகளுக்குச் சாப்பாடு அனுப்புகிற சமையற்கூடத்துக்குப் பத்தே நாளில் ஓர் அறை வேண்டியிருந்தது. சுவர், கூரை, கதவு, குமிழ் எல்லாம் அப்படியே வந்து சேர்ந்தன. யாரிடமும் அவன் மூச்சு விடவில்லை.

நாளைக்கு, இங்கிருந்து சாப்பாடு வாங்குகிற ஒரு கார் கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி வருகிறார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு குமிழைத் தானே தள்ளிப் பார்ப்பாராம். கதவு திறக்காவிட்டால் பத்ரிநாத்தின் தொழிலோடு போகாது, தளேகாவ் கேஸும் தோண்டப்படும். அதனால்தான் இன்றைக்கு வந்திருக்கிறான். வியாழக்கிழமை, தொழிற்பேட்டை முழுக்க சுட்டி, வார விடுமுறை. அடுப்பு எரியாது, ஆள் இருக்காது. துளை போட்டுக் கம்பியைச் செருகினால் ஒரு மணி நேர வேலை.

ஆனால் ஆள் இருந்தாள். சாந்தகுமாரி காய்கறி அறைத் தரையைக் கழுவிக்கொண்டிருந்தாள். புடவை முழங்கால் வரை நனைந்திருந்தது, கையில் கண்ணாடி வளையல் குலுங்கியது.

"என்ன சார், சுட்டி நாள்ல வந்திருக்கிய?"

"சின்ன வேலைம்மா. நீ கிளம்பு, நான் பூட்டிண்டு சாவிய வாட்ச்மேன் மாடசாமிகிட்ட குடுத்துடறேன்."

"உள்ள ஐஸ் கட்டியிருக்கு சார், அதச் சுரண்டிட்டுப் போயிருதேன்." வாளியை நகர்த்திவிட்டு அவனைப் பார்த்தாள். "ராத்திரி பூட்டுன பொறவு உள்ள தட்டுத சத்தம் கேக்குன்னு சமையக்காரவுக சொல்லுதாவ. நெசமா சார்?"

"ஐஸ் விரியற சத்தம். நீ போம்மா, போ."

அவள் தலையாட்டினாள். அவன் வண்டியில் இருந்த துளைக் கருவியை எடுக்க வெளியே போனான். பிப்ரவரி வெயில் சுள்ளென்று இருந்தது. கம்பியின் நீளத்தைச் சரிபார்த்து அறுத்து, முனையை ராவிக்கொண்டு திரும்ப இருபது நிமிஷம் ஆகியிருக்கும். சமையற்கூடத்தில் ஈ காக்கை இல்லை. நேற்றைய சாம்பாரின் புளித்த வாடையும் ஃபினைல் வாடையும் கலந்து அடித்தன. காய்கறி அறைக்குள் நுழைந்தான். கொத்தமல்லி வாசனை, காலிஃபிளவர் மூட்டைகள், மேலே விசிறியின் முனகல். வாளி ஓரமாக இருந்தது. சாந்தகுமாரியைக் காணோம். போய்விட்டாள் என்று நிம்மதியாக மூச்சு விட்டான்.

உறைநிலை அறைக் கதவு சாத்தியிருந்தது.

தட்டல் கேட்டது.

மெதுவாகத்தான். நாலங்குல நுரைக்கு அந்தப் பக்கம், உள்ளங்கையால். தட், தட். நிறுத்தம். மறுபடி தட், தட். குரல் ஒன்றும் கேட்கவில்லை, அந்தக் கனத்தில் குரல் வராது, அதைக் கணக்குப் போட்டு வைத்தவனே அவன்தான். கையிலிருந்த கம்பி நழுவிக் கீழே விழுந்தது. தளேகாவ் தரையில் பார்த்த அந்தக் கைகள் ஞாபகம் வந்தன, முட்டி முட்டியாக வீங்கிக் கறுத்த கைகள்.

அவள்தான். செல்வமேரி.

பின்னால் நகர்ந்து காய்கறி அறையை விட்டு வெளியே வந்தான். பின்வாசல் பக்கம் கண் போனது. அங்கே ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. நீல வார், ஒன்றில் ஊக்கு குத்தியிருந்தது.

சாந்தகுமாரியின் செருப்பு.

வெறுங்காலோடு போயிருப்பாள் என்று மனசு சொன்னது. எவள் போவாள், இந்த வெயிலில்? அதுவும் மனசுக்குத் தெரிந்தது. திரும்ப உறைநிலை அறைக் கதவுக்குப் போனான். தாழ்ப்பாளை இழுக்க ஒரு நொடி போதும். கையைக் கொண்டுபோனான். கொண்டுபோன கை நின்றது. உள்ளே இருப்பது செல்வமேரி என்றால், திறந்ததும் என்ன வரும்? உள்ளே இருப்பது சாந்தகுமாரி என்றால், இத்தனை நேரம் குமிழைத் தள்ளிப் பார்த்திருப்பாள். அது பொய் என்று தெரிந்திருக்கும். வெளியே வந்ததும் ஊர் முழுக்கச் சொல்லுவாள். நாளைக்கு அந்த அதிகாரியிடமே சொல்லுவாள்.

எது அதிகப் பயம் என்று அவனாலேயே பிரித்துச் சொல்ல முடியவில்லை. கையை இழுத்துக்கொண்டான்.

வாசலில் காவல்காரன் மாடசாமி ஸ்டூலில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தான். இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டான்.

"வேல முடிஞ்சிட்டா சார்?"

"கருவி சூடாயிடுத்து. கொஞ்சம் ஆறட்டும்."

"சாந்தா எங்க, ஆளக் காணும்?"

"போயிட்டா. பின்வாசல் வழியா."

சொல்லிவிட்டான். எவ்வளவு சுலபமாக வந்தது! மாடசாமி டப்பாவைத் திறந்து பாதிச் சோறு கொடுத்தான், அதையும் வாங்கித் தின்றான். எதிர்த்த டபரி டீக்கடையிலிருந்து அரை கிளாஸ் கட்டிங் டீ வந்தது. இரண்டு தடவை எழுந்து போய் உறைநிலை அறைக் கதவில் காது வைத்தான். ஒரு மணிக்குத் தட்டல் வேகமாக இருந்தது, கதவு அதிர்ந்தது. மூன்று மணிக்கு நீளமான நிறுத்தங்களோடு, தூக்கக் கலக்கத்தில் தட்டுகிற மாதிரி இருந்தது. அப்போதாவது திறந்திருக்கலாம். திறக்கவில்லை. "கருவி இன்னும் ஆறலியா சார்?" என்று மாடசாமி கேட்டான். பத்ரிநாத் சிரித்து வைத்தான்.

ஐந்து மணிக்கு ஒன்றும் கேட்கவில்லை.

தாழ்ப்பாளை இழுத்தான். வெள்ளைப் புகை காலைச் சுற்றிக்கொண்டு வந்தது. சாந்தகுமாரி கதவை ஒட்டியே உட்கார்ந்திருந்தாள். ஈரப் புடவை பலகை மாதிரி விறைத்திருந்தது. இமையில், தலைமயிரில், உதட்டில் எல்லாம் பொடிப்பொடியாக வெள்ளை. கைகள் மட்டும் மடியில் சிவப்பாக, துளி வெள்ளை படாமல் கிடந்தன. இவ்வளவு நேரமும் யாரோ அவற்றைப் பிடித்துச் சூடு பறக்கத் தேய்த்துவிட்ட மாதிரி இருந்தன.

அதை அவன் யோசிக்கவில்லை. யோசிக்கக் கூடாது என்று வைத்துக்கொண்டான். கதவுக்கு ஒரு வெங்காய மூட்டையை அண்டை கொடுத்துவிட்டு, பிணத்துக்கு முதுகைக் காட்டி மண்டி போட்டான். குமிழைக் கழற்றினான். துளை போட்டான். நுரைத்தூள் அவள் மடியில் உதிர்ந்தது. கம்பியைச் செருகினான், திருகினான், எண்ணெய் விட்டான். தொழில்காரக் கை, தன் பாட்டுக்கு வேலை செய்தது. "உள்ளேயே குமிழ் இருக்கு சார்" என்று முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டான். "பாவம், பயத்துல தோணல."

கதவைத் திறந்து வைத்துத் தள்ளிப் பார்த்தான். தாழ்ப்பாள் அழகாக விலகியது. அது போதாது. அதிகாரி சாத்திவிட்டுத்தான் தள்ளுவார்.

மூட்டையை நகர்த்தினான். கதவு தானாக வந்து ரப்பரில் உட்கார்ந்தது. பின்னால் விசிறி. முன்னால் குமிழ். வலது உள்ளங்கையை அதன்மேல் வைத்து அழுத்தினான். தாழ்ப்பாள் நகர்ந்தது. கதவு இம்மியளவு அசைந்தது. வேலை செய்கிறது!

விசிறி நின்றது.

இடது பக்கமிருந்து ஒரு கை வந்தது. கண்ணாடி வளையல். சூடாக இருந்தது.

வலது பக்கமிருந்து இன்னொன்று. முட்டி முட்டியாக வீங்கியது. அதுவும் சூடு.

இரண்டும் அவசரப்படவில்லை. அவன் கையின் மேல் படிந்தன. பிறகு, தூங்குகிற குழந்தையின் பிடியை விடுவிக்கிற மாதிரி, அவன் விரல்களைக் குமிழிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரிக்கத் தொடங்கின. சுண்டுவிரல். மோதிர விரல்.

நடுவிரல்.