ஒரு வாய் சாப்பிடு, கண்ணு

நான்கு நாளாகத் தண்ணீர் தவிர எதையும் வாயில் வைக்காத குழந்தை, பசிக்கிறது என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அதுதான் அம்மாவுக்குப் பயமாக இருந்தது. ஆறு வயதுப் பிள்ளை அடம்பிடித்து அழுதால் அதட்டலாம், கொஞ்சலாம். இது அழவில்லை. வேகவைத்த முட்டையை மோந்து பார்த்துவிட்டு, தட்டை ஓரமாகத் தள்ளி வைத்தது.

"வேகவெச்சா அது செத்துடும்மா. அப்பா சொல்லியிருக்கார்."

அப்பா கடிகாரம் பழுதுபார்க்கிறவன். குழந்தையின் மூச்சிழுப்பு எந்த மருந்துக்கும் அடங்காமல் போனபோது, எங்கேயோ எதையோ படித்துவிட்டு வந்து, "காட்டுல எந்தப் புலிடி அடுப்பு மூட்டுது? இதுதான் இயற்கை," என்று அடுப்பைத் தூக்கிப் பரணில் போட்டான். பச்சைக் கறியைத் துண்டு போட்டு, கண்ணாடி ஜாடிகளில் அடைத்து, தேதி எழுதி ஒட்டி, மாதக்கணக்கில் ஊறவிட்டான். மூடியைத் திறந்தால் கண்ணில் நீர் முட்டும். குழந்தை சப்புக்கொட்டித் தின்றது. அநியாயம் என்னவென்றால், இழுப்பு நின்றது, கன்னம் உப்பியது. அதனால்தான் அவளும் இரண்டு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

போன வாரம் அவனுக்கு முதலில் இமை தொங்கியது, பிறகு நாக்கு குழறியது, பிறகு மூச்சு நின்றது. அதே ஜாடியில் தின்ற குழந்தைக்கு ஒரு தும்மல்கூட இல்லை. அவள் எல்லா ஜாடியையும் குழிதோண்டிக் கொட்டிவிட்டு, குழந்தையோடு அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"பிடிச்சுத் திணிடி. எத்தனை நாளைக்கு வீம்பு?" என்றாள் அக்கா, தையல் மெஷினிலிருந்து கண்ணெடுக்காமல். திணித்தாள். உள்ளே போனதெல்லாம் வெளியே வந்தது, கூடவே ஒரு இழை ரத்தமும். "பசிச்சா தானா சாப்பிடும்," என்று டாக்டர் டானிக் எழுதிக்கொடுத்தார். குழந்தையின் விலா எலும்புகள் தெரிய ஆரம்பித்தன. பழைய இழுப்பு விசில் மாதிரி திரும்பி வந்தது. பிள்ளை கண்ணெதிரே கரைகிறதே என்று அவளுக்குப் பைத்தியமே பிடிக்கும் போலிருந்தது.

அக்கா புருஷன் உள்ளறையில் படுத்த படுக்கை. ஒரு காலத்தில் பஸ் ஓட்டியவர். சர்க்கரை வியாதியில் வலது பாதம் மரத்து, புண் ஆறாமல் அழுகிக்கொண்டிருந்தது. "என் கால் என்கிட்ட சொல்லாமலே லீவுல போயிடுச்சும்மா," என்று சிரிப்பார். மருந்து நெடியையும் ஊதுபத்திப் புகையையும் மீறி ஒரு இனிப்பு கலந்த வாடை அந்தக் கதவிடுக்கு வழியாக வீடு முழுக்க ஊர்ந்தது.

குழந்தை அந்தக் கதவருகே நின்றுகொண்டிருந்தது. மூக்கு விடைத்திருந்தது.

"அம்மா, பெரியப்பா ரூம்ல ஜாடி இருக்கா?"

"இல்ல கண்ணு." கதவை இழுத்துத் தாழ்ப்பாள் போட்டாள்.

ஐந்தாம் நாள் மதியம். நாலு ராத்திரி விழித்த கண், குழந்தையை அணைத்தபடி படுத்தவள் கொஞ்சம் அசந்துவிட்டாள். முன்னறையில் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. விழித்தபோது கைக்குள் தலையணைதான் இருந்தது.

ஓடினாள். கதவுக்கு முன்னால் ஒரு நாற்காலி. தாழ்ப்பாள் திறந்திருந்தது.

உள்ளே இருட்டு. திரை இழுத்துவிட்டிருந்தது. அவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். சீரான குறட்டை. அதற்கு நடுவே இன்னொரு சத்தம்.

ஈரமான சத்தம்.

தரையில் கட்டுத்துணி அவிழ்ந்து கிடந்தது. கட்டிலின் கால்மாட்டில் குழந்தையின் முதுகு. குனிந்திருந்தது.

"கண்ணு..."

திரும்பியது. கன்னத்தில் ரத்த ஓட்டம். மூச்சில் விசில் இல்லை.

"வெதுவெதுப்பா இருக்கும்மா."

அலற வாயைத் திறந்தாள். முன்னறையில் மெஷின் நின்றது.

"ஏண்டி, குழந்தை ஏதாவது சாப்பிட்டுச்சா?"

அவர் புரண்டுகூடப் படுக்கவில்லை. சின்னத் தாடை அசைந்தது. விழுங்கியது. உள்ளே தங்கியது. மறுபடி குனிந்தது.

"சாப்பிடுதுக்கா," என்றாள்.

மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது. அவள் சத்தமில்லாமல் கதவைச் சாத்தினாள். குழந்தையின் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து, வாயில் விழுந்த முடியை ஒதுக்கி, பின்னால் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.