எதிர்வீட்டு எண்

காலை ஆறு மணிக்கு எண் மாறும் என்பதால், ஐந்து ஐம்பதுக்கே பன்னிரண்டாம் தளத்து ஆண்கள் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள். பூமியை நாளுக்குப் பதினாறு முறை சுற்றிவரும் அந்த நகரத்தில் ஒவ்வொரு வீட்டுக் கதவுக்கு மேலும் ஒரு வாசல் எண் ஒளிரும். அந்த வீட்டாரின் பட்டங்கள் வாழ்நாள் முழுவதும் எவ்வளவு சம்பாதித்துத் தரும் என்பதை மதிப்பாளி என்னும் எந்திரம் கணக்கிட்டு, ஒரே எண்ணாகச் சுருக்கி அங்கே காட்டும். தன் வீட்டு எண்ணை யாரும் முதலில் பார்ப்பதில்லை. எதிர்வீட்டு எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பித் தன்னுடையதைப் பார்ப்பார்கள்.

எண் எண்பதுக்குக் கீழே இறங்கினால், பிள்ளையின் படிப்பு முடிந்த கையோடு, அடியில் ஜன்னல் இல்லாமல் கிடக்கும் நாற்பதாம் தளத்துக்கு வீடு மாற்றிவிடுவார்கள். பிள்ளைகள் படிப்பைத் தேர்ந்தெடுக்கும்வரை அவர்களை வருங்காலப் பொறியாளர்கள் என்றே மதிப்பாளி எடுத்துக்கொள்ளும். பெற்றோர்கள் கெஞ்சிக் கேட்டு வாங்கிய சலுகை அது.

வைத்திலிங்கமும் பொறியாளர்தான். தினமும் எட்டு மணி நேரம் ஒரு பச்சை விளக்கின் முன் உட்கார்ந்திருப்பார். காற்று, நீர், கூரை, சுற்றுப்பாதை எல்லாவற்றையும் எந்திரங்களே பார்த்துக்கொண்டு நூற்றைம்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. பட்டம் வாங்கியவர்கள் வேலையில்லை என்று விடாமல் நச்சரித்ததால், எந்திரங்கள் பெரிய மனது பண்ணி நாற்பது பேருக்கு ஒன்று என்ற கணக்கில் பச்சை விளக்குகளை மாட்டிக்கொடுத்தன. விளக்கு சிவப்பானால் என்ன செய்வதென்று வைத்திலிங்கத்துக்குத் தெரியாது. யாரும் அவரிடம் அதை எதிர்பார்க்கவும் இல்லை. ஆனாலும் அவருடைய பட்டச் சான்றிதழ் கூடத்து ஜன்னலை முழுக்க மறைத்துக்கொண்டு தொங்கியது.

அவருடைய ஒரே மகள் உமையாள் பதினெட்டு முடிந்த அன்று மானிடவியலில் சேர்ந்துவிட்டு வந்தாள். அந்தத் துறைக்கு விண்ணப்பித்த ஒரே ஆள் அவள்தான். மறுநாள் காலை வாசல் எண் எண்பத்தேழிலிருந்து எழுபத்து நான்காக இறங்கிச் சிவப்பில் மின்னியது.

எதிர்வீட்டு அமலதாஸ் அதை இரண்டு தடவை படித்தார். "எந்திரக் கோளாறா இருக்கும் சார். ஒரு புகார் குடுத்துப் பாருங்க" என்றார். அவர் குரலில் வழிந்த அக்கறையைத் துடைக்கத் துண்டு வேண்டியிருந்தது.

வைத்திலிங்கம் உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

"மனுஷனைப் பத்திப் படிக்க ஒரு பட்டமா? வாசல் நடையில போய் நின்னா நாலு மனுஷன் ஓசியிலயே தெரிவான்."

"அங்கதாம்பா நிக்கப் போறேன்."

"பட்டம் கைக்கு வந்த மறுநாளே ஜன்னல் போயிடும். தெரியும்ல உனக்கு?"

"அந்த ஜன்னல் வழியா நீங்க என்னைக்குப்பா வெளிய பார்த்திருக்கீங்க?"

அன்றிலிருந்து வைத்திலிங்கம் மூன்று வருடம் மகளோடு நேரடியாகப் பேசவே இல்லை. "அவளைச் சாப்பிடச் சொல்லு" என்று மனைவி விசாலத்திடம் சொல்வார். விசாலம் அதைப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் மகளிடம் ஒப்பிப்பாள். உமையாளுக்கு அது வலித்தது. அப்பாவின் மௌனத்தையும் தேதி போட்டு நோட்டில் எழுதிக்கொண்டாள், ஆனால் அழுதுகொண்டே எழுதினாள்.

அவள் பட்டம் வாங்கியதும் வீடு மாற்றும் உத்தரவு வந்து, சான்றிதழைக் கழற்ற வைத்திலிங்கம் நாற்காலியில் ஏறி நின்ற அன்று, நகரத்தை நடத்தும் எந்திர மன்றத்தின் தூதுவனான ஓர் எந்திரம் வாசலில் வந்து நின்றது.

"இந்த நகரத்தின் ஒரே மானிடவியல் பட்டதாரி இங்கே இருக்கிறாரா?" என்று கேட்டது. "எங்களுக்கு ஒன்று விளங்கவில்லை. பொறியாளர் என்று யாரும் தேவைப்படாமல் நூற்றைம்பது ஆண்டுகள் ஆகின்றன. ஆனாலும் நூறு வீட்டில் தொண்ணூற்றெட்டு வீட்டார் பிள்ளையை அதில்தான் சேர்க்கிறார்கள். ஏன் என்று கண்டுபிடித்துச் சொல்ல ஒரு பதவி உண்டாக்கியிருக்கிறோம்."

"எதிர்வீட்டுல சேர்த்துட்டாங்க, அதனால சேர்க்கிறாங்க" என்றாள் உமையாள்.

தூதுவன் அதைக் குறித்துக்கொண்டது. "பயனில்லாத ஒன்றை எதிர்வீட்டார் செய்தால் நீங்களும் ஏன் செய்ய வேண்டும்? இதைக் காரணமாக ஏற்க முடியாது. சான்று வேண்டும்."

"வரும். கொஞ்சம் பொறுங்க."

மறுநாள் காலை ஆறு மணிக்கு வைத்திலிங்கத்தின் வாசலில் தொள்ளாயிரத்து நான்கு என்று எரிந்தது. பன்னிரண்டாம் தளமே வாயைப் பிளந்தது. அமலதாஸ் தன் எண்ணைப் பார்க்கத் திரும்பவே இல்லை. வைத்திலிங்கம் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நாந்தான் வற்புறுத்திச் சேர்த்துவிட்டேன். பொறியியல்ல என்ன சார் இருக்கு இப்போ" என்றார். மூன்று வருடம் கழித்து மகளிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை, "சாப்பிட்டியாம்மா?" கொஞ்சமாவது வெட்கப்பட்டிருந்தால் இந்தக் கதையே தேவைப்பட்டிருக்காது.

அமலதாஸ் அந்த வாரமே தன் மகன் ரூபனைப் பொறியியல் இறுதி ஆண்டிலிருந்து உருவி எடுத்து மானிடவியலில் போட்டார். அவரைப் பார்த்து அடுத்த வீடு, அதைப் பார்த்து அடுத்த தளம். மூலைக்கு மூலை பயிற்சி மையம் முளைத்தது. நுழைவுத் தேர்வில் 'மனிதன் என்பவன் யார்?' என்ற கேள்விக்குக் கீழே நான்கு விடைகள் இருக்கும். மூன்றாவதுதான் சரி என்று பிள்ளைகள் விடிகாலையில் எழுந்து உருப்போட்டார்கள். மூன்றாவது விடை என்னவென்று அவர்களில் ஒருவனும் படித்துப் பார்க்கவில்லை.

நடையில் நின்று குறிப்பெடுத்துக்கொண்டிருந்த உமையாளுக்கு ரூபனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. சின்ன வயதில் அவளோடு விளையாடியவன். நேராக அமலதாஸிடமே போய்ச் சொன்னாள்.

"இருக்கிறதே ஒரே ஒரு வேலைதான் அங்கிள். அதுல நான் இருக்கேன். ரூபன் அந்தப் பொறியியலையே முடிக்கட்டும்."

அமலதாஸ் புன்னகைத்தார். "நீ அப்படித்தாம்மா சொல்லுவ. உன் இடத்துல நான் இருந்தாலும் அதையேதான் சொல்லுவேன்."

அதையும் அவள் தேதி போட்டு எழுதிக்கொண்டாள்.

மூன்றாம் ஆண்டு முடிவில் முப்பத்திரண்டாயிரம் பேர் மானிடவியல் பட்டம் வாங்கினார்கள். அன்று மாலை தூதுவன் மறுபடியும் வந்தது.

"உங்கள் பதிலைச் சரியென்று மன்றம் ஏற்றுக்கொண்டது. ஒரு பட்டத்துக்கு ஒன்று வீதம் முப்பத்திரண்டாயிரம் சான்றுகள் கிடைத்துவிட்டன. அன்றைக்கு நம்பாமல் போனதற்கு வருந்துகிறோம். கேள்வி தீர்ந்துவிட்டதால் பதவியும் முடிகிறது."

"மானிடவியலோட மதிப்பு இனிமே என்ன?"

"பூஜ்யம்" என்றது தூதுவன். மரியாதையாகக் குனிந்துவிட்டுப் போனது.

உமையாள் உள்ளே போய் அம்மா மடியில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டாள். தான் சரியாகச் சொன்னதற்காகவே வேலை போன கடுப்பு அவளுக்கு. விசாலம் அவள் தலையைக் கோதினாள். வைத்திலிங்கம் கூடத்தில் நின்று, "அப்பவே பொறியியல் படின்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன், கேட்டாளா?" என்று சுவரிடம் முறையிட்டார்.

ஒரே வாரத்தில் பன்னிரண்டாம் தளம் மொத்தமும் நாற்பதாம் தளத்துக்கு இறங்கியது. சாமான் வண்டியின் பின்னால் வைத்திலிங்கம் பிணம் போல நடந்தார். வளைவில் திரும்பும்போது பின்னால் அமலதாஸின் சோபா வருவதைப் பார்த்தார். அவர் நடையில் கொஞ்சம் உயிர் வந்தது. அமலதாஸுக்கும் எதிர்வீடுதான் ஒதுக்கியிருக்கிறது என்று சுமைதூக்கி எந்திரம் சொன்னதும் முகமே தெளிந்துவிட்டது.

புது வீட்டில் மறைக்க ஜன்னல் இல்லை. இருந்தாலும் சான்றிதழை அதே உயரத்தில் வெறும் சுவரில் மாட்டினார்.

மறுநாள் காலை ஐந்து ஐம்பதுக்கு வைத்திலிங்கம் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார். நடை முழுக்க எல்லோரும் வந்திருந்தார்கள். ஆறு மணிக்கு எண் மாறியது. எதிர்வீட்டில் எழுபது. திரும்பித் தன் வீட்டைப் பார்த்தார். எழுபத்தொன்று.

"விசாலம், காபி கொண்டா" என்று அவர் குரல் கொடுத்தார். "கொஞ்சம் சர்க்கரை தூக்கலாப் போடு."