மல்லாந்து எடுத்த அளவு

பிற்பகல் இரண்டு நாற்பதுக்கு, மூச்சை அளக்கும் கருவியின் இலக்கம் இருநூறிலிருந்து நானூறுக்குத் தாவியது.

கிருபாகரன் கருவியைத்தான் சபித்தான். நெஞ்சைப் பிளந்து தைக்கப்பட்ட நோயாளிகளின் உடம்பு உட்கார்ந்திருக்கையில் எவ்வளவு சக்தி செலவழிக்கிறது, மல்லாந்து படுக்கையில் எவ்வளவு என்பது அவனுடைய ஆராய்ச்சி. பத்தொன்பது பேர் முடிந்தாயிற்று. கடைசி ஆள் கணபதி, மண்சரிவில் புதைந்த தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்திலிருந்து தப்பியவர். உட்கார்ந்து அளக்கவிட்டார். படுக்க மாட்டேன் என்றார்.

தப்பித்தவர்கள் யாரும் அதற்குப் பிறகு முதுகைக் கிடத்துவதில்லை, பத்து வருசமாகச் சுவரில் சாய்ந்துதான் தூங்குகிறார்கள் என்று அவர் மனைவி அங்கம்மா சொன்னாள். கொழுந்து பறிக்கிற கூட்டத்துக்கு எதற்கெடுத்தாலும் ஒரு பயம், ஒரு சாமி. தான் பதுளை டவுனில் பிறந்தது நல்லதாய்ப் போயிற்று என்று கிருபாகரன் நினைத்தான்.

"இருபது நிமிசம் படுத்தா செத்தா போயிருவாரு?" என்று கேட்டுவிட்டுக் கட்டிலின் தலைமாட்டைத் தானே தாழ்த்தினான். கணபதிக்குத் தடுக்கத் தெம்பில்லை.

தலைக்கு மேல் கவிழ்த்திருந்த கண்ணாடிக் கூட்டிலிருந்து மூச்சு குழாய் வழியாகக் கருவிக்குப் போனது. சும்மா கிடக்கும் ஒரு மனிதனுக்கு நிமிடத்துக்கு இருநூறு மில்லிலீற்றர் ஒட்சிசன் போதும். இப்போது கருவி நானூறு காட்டியது. ஜன்னலில் நல்ல வெயில் அடித்தும், புரண்டு சரிந்த ஈரமண்ணின் வாடை, வேரும் சாணமும் ஊறிய வாடை, மருந்து நெடியை மீறிக் கட்டிலுக்கு அடியிலிருந்து எழுந்து அவன் சட்டைக் கொலருக்குள் இறங்க, கணபதியின் சீரான மூச்சுக்குப் பின்னால், சற்றுப் பிந்தி, இன்னொரு மூச்சு கேட்டது.

குழாய் ஒழுகுகிறது என்று சொல்லிக்கொண்டான். இறுக்கினான்.

அறுநூறு.

நாடி எழுபத்திரண்டு. கணபதி தூங்கிக்கொண்டிருந்தார். விரல்கூட அசையவில்லை.

எண்ணூறு. ஆயிரம். இருநூறு இருநூறாக. ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒரு மூச்சு. ஒன்று சளி கட்டிய சின்ன மூச்சு.

தலைமாட்டை உயர்த்தும் பிடியைச் சுற்றினான். அசையவில்லை. கணபதியின் தோளுக்கு அடியில் கைகொடுத்துத் தூக்கினான். பாறைக் கனம். கை அடியில் மாட்டிக்கொண்டது. ஈரம். குளிர். யாரோ அதைப் பிடித்தார்கள்.

மூவாயிரம்.

நாடித் திரையில் நேர்கோடு. மூச்சுகள் நிற்கவில்லை.

அங்கம்மா கட்டிலருகே வந்து நின்றாள். அழவில்லை. அவளுக்கு இலக்கம் வாசிக்கத் தெரியாது. அவன் முகத்தைப் பார்த்தாள்.

"எங்க லயத்துல புதைஞ்சு போனது பதினெட்டுப் பேரு, சார். இதுவரைக்கும் எத்தன பேரு வந்துட்டாங்கன்னு அது சொல்லுதா?"