வெற்றறையின் மூச்சு

சுவர்க் கடிகாரத்தின் முள் நகர்ந்துகொண்டிருந்தது; அதன் சத்தத்தை மட்டும் காணோம்.

அவள் காது அதை உடனே கண்டுகொண்டது. தகரத்தில் உதிரும் மணலையும் பனிக்கட்டி விரிசல்விடும் ஓசையையும் வயலின்களுக்கு நடுவே கோத்துப் பேர் வாங்கிய இசையமைப்பாளர் அவள். அரங்குகள் எழுந்து நின்று கைதட்டியிருக்கின்றன. கணவர் போனபிறகு ஒரு சுரம்கூட எழவில்லை. வெறும் அறைக்கும் ஓர் ஒலி உண்டு என்று, அவர் நோயில் கிடந்த அறையில் மைக்கை வைத்து, கதவைச் சாத்தி, முந்தின இரவுதான் அந்த வெறுமையைப் பதிவு செய்யத் தொடங்கியிருந்தாள்.

பதிவில் மருந்து நெடி போல மெல்லிய இரைச்சல் பரவிக் கிடந்தது. அதற்கடியில், யாரோ மூச்சிழுக்கும் ஓசை.

அவளுடைய பதிவுகளைச் சீர்செய்து தருகிற தம்பி சாயங்காலம் வந்தான். ஹெட்போனை மாட்டியதும் முகம் வெளிறிப்போனது.

"உன் மாமாதான்டா," என்றாள்.

"இல்லக்கா. உள்ள இழுத்துக்கிட்டே இருக்கு. வெளிய விடவே இல்ல. மனுஷனால முடியுமா?"

"ஒரு மூச்சுக்கு எப்படித் தவிச்சாரு! இப்பவாவது ஆசை தீர இழுத்துக்கட்டும்."

"மைக்கை எடுத்துடுக்கா."

அவள் எடுக்கவில்லை.

மறுநாள் குழாய் சொட்டியது, கேட்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே காக்கைகள் அலகைத் திறந்து திறந்து மூடின. பதறிப்போய்க் கைபேசியை எடுத்தாள். அவர் குரல் என்று மிச்சமிருந்தது அதிலிருந்த ஒரே ஒரு செய்திதான். தினமும் அதைக் கேட்டுவிட்டுத்தான் படுப்பாள். அழுத்தினாள். ஓடி முடிந்தது. ஊமையாக.

அலறினாள். அவள் அலறலும் அவளுக்குக் கேட்கவில்லை.

தட்டுத் தடுமாறி அந்த அறைக்குள் போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். வீட்டின் சத்தமெல்லாம் அதற்குள் குவிந்து கிடந்தது. அவளுடைய அலறலும்தான். எல்லாவற்றுக்கும் அடியாழத்தில், மெதுவாக, அவர் குரல்.

"வந்துட்டியாம்மா?"

எத்தனை நாள் தாகம்! தரையில் சரிந்து உட்கார்ந்தாள். கண்ணீர் தாரையாக வழிந்தது.

தரை அதிர்ந்தது. நிமிர்ந்தாள்.

வாசலில் தம்பி. கதவு நிலையைப் பிடித்திருந்தான். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கண் அவளுக்குப் பின்னால் எதையோ பார்த்தபடி. வாய் ஆவென்று திறந்திருந்தது.

அவன் வாயிலிருந்து சத்தம் இல்லை; அந்த அலறலும் ஹெட்போனுக்குள் வந்து விழுந்தது.

அதில் அவர் குரல் தேய்வது போலிருந்தது.

அவள் ஒலியைக் கூட்டினாள்.