பித்தளை வில்லை சொன்ன முறை

"யோவ், இது எங்க கூட்டத்து வரிசை. பின்னாடி போய் நில்லு."

அமெரிக்கப் பட்டாளம் பழங்குடிகளை அடைத்து வைத்திருந்த சான் கார்லோஸில் அன்று ரேஷன் நாள். மாவுப் பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அதட்டினாள் லெட்டி. முன்னால் நின்றவன் திரும்பினான்... அந்தக் கண்களில் கோபமே இல்லை.

"திட்டி முடிச்சுட்டா சொல்லு, தள்ளிக்கறேன்," என்றான். ஆர்ச்சியாம் பேர்.

அடுத்த மூன்று வாரமும் இருவரும் வேண்டுமென்றே வரிசையின் கடைசியில் நின்றார்கள். என்னத்தைச் சொல்ல, இந்த வயசு அப்படி!

நான்காம் வாரம் மழை... நனைந்த சட்டைக்குள்ளிருந்து அவன் கழுத்து வில்லை வெளியே தொங்கியது. தலை எண்ணப் பட்டாளம் எல்லோருக்கும் மாட்டிவிட்ட பித்தளை வில்லை. அதில் லெட்டியின் வில்லையில் இருந்த அதே எழுத்து. அப்பாச்சிப் பழங்குடியில் அவளுடைய கூட்டத்தின் எழுத்து. கூட்டம் மொத்தமும் ஒரே தாய்வழிக் குலம். ஒரே குலத்துக்குள் கல்யாணம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

"அப்போ நீ எனக்கு அண்ணன் முறை..."

அழுகையை அடக்கிக்கொண்டு போய்விட்டாள். அவனும் கூப்பிடவில்லை. இரண்டு மாதம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அங்கேயே அடைபட்டிருந்த இன்னொரு பழங்குடியான யாவபாய் மக்கள் தங்கள் சொந்த மண்ணான வெர்டே பள்ளத்தாக்குக்குத் திரும்பும் நாள் வந்தது. குதிரைமேல் மூட்டை கட்டிக்கொண்டிருந்தவர்களில் ஆர்ச்சியும் இருந்தான்!

"நீ எதுக்கு இவங்களோட போற?"

"என் அம்மா யாவபாய். நானும் யாவபாய்தான். பட்டாளத்துக்காரனுக்கு நாம எல்லாருமே ஒண்ணு. வில்லை மாட்டின அன்னைக்கு உங்க வரிசையில நின்னேன், உங்க எழுத்தை மாட்டிவிட்டான்."

"அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"அண்ணன்னு சொல்லிட்டுப் போறவளை எந்த முகத்தோட கூப்பிடறது? ரோஷம்..." கட்டிக்கொண்டிருந்த கயிற்றை அவன் விட்டான். "நீ இல்லாத ஊருக்குப் போக எனக்கு மனசே இல்ல லெட்டி. இருன்னு சொல்லு, இருந்துடறேன்."

லெட்டிக்குப் பின்னால் அவளுடைய அம்மா நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள்.

ஆர்ச்சி சட்டென்று தொப்பியை முகத்தின்மேல் இழுத்துக்கொண்டு திரும்பி நின்றான். மாமியாரும் மருமகனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூடாது என்பது அப்பாச்சி வழக்கம். அவன் வீட்டில் அப்படியொன்று கிடையாது.

அம்மா அவன் முதுகையே வெகுநேரம் பார்த்தாள்.

பிறகு அம்மா மெல்லச் சால்வையை இழுத்துத் தன் முகத்தை மூடிக்கொண்டு மறுபக்கம் திரும்பினாள்.

"லெட்டி," என்றாள். "அந்த மூட்டையை இறக்கச் சொல்லு."