உப்புக்காரி வாசித்த ஓலை

வாசகர்களே, நலமா? வீட்டில் எல்லோரும் சுகந்தானே? அப்படியானால் சற்றே என்னோடு பெண்ணையாற்றங்கரைக்கு வாருங்கள். மேற்கே பொழுது செங்குழம்பாய்க் கரைய, உச்சியில் நிற்கும் வளர்பிறையை நாணல்கள் தலையாட்டி வரவேற்க, அதோ அரசர் மழவராயரின் கோட்டை முற்றத்தில் கன்னட அரசனின் தூதன் கேதரசன் கைகள் கட்டுண்டு நிற்கிறான். விளக்கேற்றுமுன் அவன் தலை உருள வேண்டும் என்பது ஆணை. அவன் கொணர்ந்த ஓலையை, "பௌர்ணமிக்குள் உன் கோட்டையைக் கொளுத்துவோம்" என்று வாசித்திருந்தான் அயல்நாட்டு ஓலைகளைப் படிக்கும் அரண்மனைப் பணியாளன் பொதுவன். தூதன் மறுத்தான், சாகப்போகிறவன் பேச்சை யார் நம்புவார்?

சமணப் பள்ளித் தலைவர் நயசேன அடிகள் மட்டும் அந்த ஓலையை வாங்கி மெல்லப் படித்தார். பிறகு தம் ஏட்டில் ஏதோ எழுதிக் கட்டி அரசர் கையில் கொடுத்தார்.

"இது என் வாசிப்பு. இன்னும் பிரிக்க வேண்டாம். இரண்டு வாய் ஒத்துச் சொல்லாத எதையும் நான் ஏற்பதில்லை. உப்புக்காரி சங்கவ்வையை அழையுங்கள்."

மழவராயர் நகைத்தார். "மூன்று மாதமாக அவளிடந்தான் பாடமாமே, அடிகளே?"

"வடமொழியும் பிராகிருதமும் ஏட்டில் கிடைத்தன. இன்றைய கன்னடம் அவள் கூடையோடு தெருவில் வருகிறது. என்ன செய்ய?"

சங்கவ்வை வந்தாள். கட்டுண்டவனைக் கண்டதும் அவள் கூடை ஒருகணம் ஆடியது. அடிகள் ஓலையை எடுத்துக் காட்டினார்.

"எனக்கு எழுத்துத் தெரியுமுன்னு யாரு சொன்னா சாமி?" என்றாள்.

"யாரும் சொல்லவில்லை. நான் படித்துக் காட்டுகிறேன். நீ பொருள் சொன்னால் போதும்."

அவள் பொதுவனைப் பார்த்தாள். சாயும் வெயிலைப் பார்த்தாள். ஓலையைத் தானே வாங்கித் தங்குதடையின்றித் தமிழில் வாசித்தாள்.

"எல்லைக் கிணறுகள் இரண்டும் இனி உமக்கே. பகை போதும். ஓலை கொணர்பவன் என் மகள் லச்சலதேவிக்கு உரியவன். உம் மருமகனாய்க் காத்து அனுப்புக."

அரசர் அடிகள் தந்த ஏட்டைப் பிரித்தார். வரிக்கு வரி அதுவே இருந்தது. பொதுவன் வாயிலை நோக்கி நழுவ, காவலர் வேல்கள் குறுக்கே விழுந்தன. போர் மூண்டால் அவன் மைத்துனனுக்குத்தானே படைத்தலைமை?

"அரச ஓலையை இப்படி வாசிக்கும் உப்புக்காரி யார்?" என்றார் அரசர்.

அவள் தலைச்சும்மாட்டை அவிழ்த்துக் கீழே போட்டாள். "அந்த மகள் நான்தான். தூதுக்கு முன்னே வந்து உங்கள் கோட்டையின் மனத்தை வேவு பார்த்தேன்."

வாள்கள் உருவப்பட்டன. அடிகள் இடையே நின்றார். "அஞ்சி வந்தோர்க்குப் புகலிடம் எம் பள்ளி என்று உம் பாட்டனார் கல் நாட்டியிருக்கிறார், அரசே."

"நான் அஞ்சவில்லையே, அடிகளே," என்றாள் லச்சலதேவி. "அவரை அனுப்புங்கள். பௌர்ணமி வரை நான் பிணை. அதற்குள் எங்கள் வேல் ஒன்று இந்த ஆற்றைக் கடந்தாலும் என் தலை உங்களுடையது. இது ஆணை."

மழவராயர் தம் வாளாலேயே கேதரசனின் கட்டை அறுத்தார்.

"போ, மருமகனே. ஆனால் பௌர்ணமியன்று மணமாலையோடு வா."

அன்பர்களே, உங்களுக்கு வேற்றுமொழி சொல்லித்தந்தவர் யார்? எனக்கு எழுதுங்கள்.